கணிப்பொறி வேலை: கொடுக்கத் தக்கதும் கொடுக்கலாகாததும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பழமொழி. அதன் பொருளை நெசவாளர் சங்கங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கிடங்கிலிருந்து ஒரு கட்டு நூல் வெளியே போகும்போது எடை போடப்படுகிறது; அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தில் பதியப்படுகிறது; துணியாகத் திரும்பும்போது மீண்டும் எடை போட்டு, சேதாரம் கழித்து, வரவு வைக்கப்படுகிறது. சாயத் தோய்ப்பு வெளியார் பட்டறையில் நடக்கலாம். பாவு ஓட்டுவது வேறோர் இடத்தில் நடக்கலாம். ஆயினும் நூல் சங்கத்தினுடையது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. இவ்வளவு விழிப்புடன் நூலைக் காக்கும் சங்கங்கள், தம் கணக்கு முழுவதையும் ஒரு கணிப்பொறி நிறுவனத்திடம் எடையும் போடாமல், சீட்டும் வாங்காமல் ஒப்படைத்துவிடுவது முறையா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வெளியாரிடம் வேலை கொடுப்பதே கூட்டுறவுக்கு விரோதம் என்று வாதிப்பாரும் உளர். அவ்வாதம் பொருந்தாது. சில நூறு அங்கத்தினர்களைக் கொண்ட சங்கம் மென்பொருள் எழுதத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த இயலாது. கூலி விகிதம் மாறும்போதும், ஜி.எஸ்.டி. விதிகள் மாறும்போதும் மென்பொருளும் மாற வேண்டும். அரசாங்கமே இதை உணர்ந்து, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரே பொது மென்பொருளின் கீழ்க் கொண்டுவர 2,516 கோடி ரூபாய் மதிப்பில் 2022 ஜூன் மாதம் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதை நடத்தும் பொறுப்பு நபார்டு வங்கியிடம் தரப்பட்டது. ஆகவே விவசாயிகளின் கடன் சங்கங்களுக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் மேலேயே முடிந்துவிட்டது. நெசவாளர் சங்கங்களும் பிற சங்கங்களும் பல இடங்களில் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் பொது மென்பொருளாயினும் தனி மென்பொருளாயினும், சங்கத்தின் கையை விட்டு நீங்கக்கூடாதவை சில உண்டு. அவற்றை விட்டுவிட்டால் நேரும் தீங்கு சிறிதன்று.

பிரிட்டிஷ் தபால் இலாகாவின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கே சிறு தபால் நிலையங்களை ஒப்பந்தத்தின் பேரில் நடத்துவோர் பல்லாயிரவர். 1999 முதல் அவர்களுடைய கணக்குகள் ‘ஹொரைசன்’ என்னும் மென்பொருளில் ஏற்றப்பட்டன. அதனை அமைத்துப் பராமரித்தது வெளி நிறுவனம். கணிப்பொறி இருப்பில் குறைவு காட்டிய போதெல்லாம், ஒப்பந்தப்படி அதை ஈடு செய்யுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். 1999க்கும் 2015க்கும் இடையே 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். சிறை சென்றவர்களும் உண்டு. மென்பொருளிலேயே பிழைகள் இருந்தன என்றும், நிலையத்தை நடத்துபவர் அறியாமலே நிறுவனத்தின் ஊழியர்கள் தொலைவிலிருந்து அவருடைய கணக்கைத் திருத்த முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் நீதிமன்றம் கண்டது. 2024இல் தனிச் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளைப் பெருமளவில் நீக்க வேண்டியதாயிற்று. கணிப்பொறி சொன்னதே கணக்கு என்று மேலிடம் நம்பியது. அதை மறுத்துக் காட்டும் சாதனம் கணக்குக்குப் பொறுப்பானவர் கையில் இல்லை.

இதை அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடலாகாது. பொறுப்பில் இருந்தவரின் நம்பிக்கைத் துரோகத்தாலோ, வேண்டுமென்றே காட்டிய அசட்டையாலோ சங்கத்துக்கு நேர்ந்த இழப்பை அவரிடமே வசூலிக்க, தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 87ஆம் பிரிவு இடமளிக்கிறது. நாளை ஒரு மென்பொருள் குறைவு காட்டினால், முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் செயலாளரேயன்றி மென்பொருள் எழுதியவர் அல்லர். தம் பக்கம் நியாயம் இருப்பதை அவர் காட்ட வேண்டுமாயின், கணக்கின் நகல் அவரிடம் இருக்க வேண்டும். யார், எந்த நாளில், எந்தப் பதிவை மாற்றினர் என்பது தெரிய வேண்டும்.

வேறோர் அபாயமும் உண்டு. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகள் பலவற்றுக்குச் சேவை செய்துவந்த ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிகள் தாக்குதலுக்கு ஆளாயின. தீங்கு பரவாதிருக்க அந்நிறுவனத்தின் தொடர்பு துண்டிக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிகள் உள்ளிட்ட ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அப்போது மின்னணுப் பணப் பரிமாற்றம் செய்ய இயலாது நின்றனர். ஒருவர் வீட்டில் தீப்பற்ற, முந்நூறு வீடுகள் இருண்டன.

சட்டத்தின் போக்கும் தெளிவாகவே இருக்கிறது. வங்கிகள் கணிப்பொறி வேலையை வெளியில் கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023இல் நெறிமுறைகள் வகுத்தது. வேலை வெளியே போனாலும் பொறுப்பு வெளியே போகாது என்பதே அவற்றின் சாரம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறரைக் கொண்டு தகவல்களைக் கையாளச் செய்பவரே அவற்றுக்குப் பொறுப்பு என்கிறது; ஒப்பந்தமின்றி அவ்வேலையைத் தரக்கூடாது என்றும் விதிக்கிறது. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நில விவரம், நகைக் கடன் ஆகிய யாவும் இத்தகைய தகவல்களே.

எனவே வேலைகளை மூன்றாகப் பிரித்துக் கொள்ளுதல் நலம். இயந்திரப் பழுது நீக்குதல், மென்பொருள் எழுதுதல், அதைப் பராமரித்தல் ஆகியவற்றைத் தயக்கமின்றி வெளியில் கொடுக்கலாம். கூலிக் கணக்கு, வட்டிக் கணக்கு, வரி விவரப் பட்டியல் ஆகியவற்றைக் கணிப்பொறிக்குக் கொடுக்கலாம். ஆனால் சரிபார்ப்பை நாமே செய்ய வேண்டும். மாதந்தோறும் பத்து அங்கத்தினர்களைக் குலுக்கலில் எடுத்து, அவர்கள் கணக்கைக் கையால் போட்டு, பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டால் போதும். அரை நாள் வேலை. மூன்றாவது வகை எக்காரணத்தாலும் கொடுக்கலாகாதது: ஒப்புதல் தரும் கடவுச்சொல், செல்பேசிக்கு வரும் ஓடிபி எண், செயலாளரின் மின்னணுக் கையொப்பச் சாதனம், அன்றாடக் கணக்கை முடிக்கும் அதிகாரம், கணக்கின் நகல். ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் அக்கையொப்பச் சாதனம் நிறுவனத்து ஊழியரின் பையில் இருப்பதையும், கடவுச்சொல் கணிப்பொறியின் ஓரத்திலேயே எழுதி ஒட்டப்பட்டிருப்பதையும் காண்கிறேன். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைத் தெருவில் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஒப்பந்தத்தில் நான்கு ஷரத்துகளேனும் இருத்தல் வேண்டும். ஒன்று, கணக்கும் தகவலும் சங்கத்தின் சொத்து. இரண்டு, வேறு மென்பொருளிலும் படிக்கத்தக்க வடிவில் வாரம் ஒரு நகல் சங்கத்தின் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். மூன்று, எத்திருத்தமும் செய்தவர் பெயரும் நேரமும் பதியாமல் நடைபெறலாகாது. நான்கு, ஒப்பந்தம் முடிந்தால் முப்பது நாளுக்குள் முழுத் தகவலையும் கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும். நான்காவது ஷரத்து இல்லாத ஒப்பந்தத்தில் சங்கம் வாடிக்கையாளர் அன்று; பிணையாளி.

விலையையும் ஐந்தாண்டுக்குச் சேர்த்தே கணக்கிட வேண்டும். முதல் விலை 30,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் கேட்பதாகக் கொள்வோம். இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 12,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 48,000. இடையில் மூன்று திருத்தங்களுக்கு 5,000 வீதம் 15,000. ஆக மொத்தம் 93,000. முப்பதாயிரத்தைப் பார்த்துத் தீர்மானம் நிறைவேற்றிய சங்கம் மூன்று மடங்குக்கு மேல் செலுத்துகிறது.

சிறிய சங்கம் விதிக்கும் நிபந்தனையை எந்த நிறுவனம் ஏற்கும் என்று கேட்பது நியாயமே. தனித்து நின்றால் ஏற்காமலும் போகலாம். பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் கேட்டால் ஏற்கும், செலவும் குறையும். பிற அமைப்புகளுடன் செய்துகொள்ளும் ஏற்பாடு அங்கத்தினர்களின் ஆட்சியைக் குலைக்கலாகாது என்பதும், கூட்டுறவுகள் தமக்குள் கூடி உழைக்க வேண்டும் என்பதும், 1995இல் மான்செஸ்டரில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு ஏற்ற நெறிகளே. 1844இல் ராச்டேலில் கடை திறந்த 28 பேருள் நெசவாளர்களும் இருந்தனர். சரியான எடையே அவர்கள் மக்களுக்கு அளித்த முதல் வாக்குறுதிகளுள் ஒன்று.

நிர்வாகக் குழுவினரும், குழு இல்லாத இடங்களில் தனி அலுவலரும், நடப்பு ஒப்பந்தத்தை இம்மாதமே எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். அங்கத்தினர்களும் அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கட்டும்: “நாளைக் காலை அந்த நிறுவனம் கதவை மூடினால், எங்கள் பாக்கியும் சேமிப்பும் எவ்வளவு என்று சங்கத்தால் சொல்ல முடியுமா?” முடியும் என்று ஆதாரத்துடன் விடை கூறும் சங்கம், எவ்வேலையையும் எவரிடமும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.