ஊனம் எங்கே உளது?

ஆங்கிலத்தில் இம்பெயர்மென்ற், டிசபிலிற்றி, ஹண்டிகப் என மூன்று சொற்கள் உள. நம் அலுவலகங்களோ பெரும்பாலும் இம்மூன்றையும் 'அங்கவீனம்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. சொல்தானே, இதிலென்ன என்று வாளாவிருத்தற்கில்லை. சொல்லைக் கொண்டே சட்டம் ஆளைத் தெரிகிறது; சட்டத்தைக் கொண்டே உதவி வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1980இல் இவற்றைப் பிரித்துக் காட்டியது. உறுப்பிலோ அதன் தொழிலிலோ நேர்ந்த குறை முதலாவது. அதனால் ஒரு செயலைச் செய்ய மாட்டாமை இரண்டாவது. அதன் பயனாக ஊருக்குள் தமக்குரிய இடத்தை இழப்பது மூன்றாவது. நம் வாவிக்கரையில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். போரிலே மிதிவெடியாற் காலிழந்த படுவான்கரைக் கமக்காரர் ஒருவரை எண்ணுக. கால் இல்லாமை குறை. வரம்பிலே விரைந்து நடக்க மாட்டாமை இயலாமை. மண்முனைத் துறையிலே 'பாதை'யில் ஏறி இறங்க முடியாமல், வைத்தியரையும் சந்தையையும் காணாது அக்கரையிலேயே நின்றுவிட்டது மூன்றாவது. 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. அவருக்குக் கால் முளைத்துவிடவில்லை. ஆயினும் முச்சக்கர வண்டியில் நகருக்கு வந்துவிடலாம். அவ்வாறாயின் அந்த மூன்றாவது ஊனம் அவர் உடலில் இருந்ததா, துறையில் இருந்ததா? நகருக்கு வந்தவர் ஓர் அலுவலகப் படிக்கட்டின் கீழே நிற்க நேர்ந்தால், அது கட்டியவர்களின் ஊனமன்றோ?

2001இல் அந்நிறுவனம் ஹண்டிகப் என்ற சொல்லைக் கைவிட்டது. கருத்தை விடவில்லை, சூழலின் தடையையும் சேர்த்தே டிசபிலிற்றி என்றது.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமோ, உடல் உள ஆற்றற் குறைவினால் தம் வாழ்க்கைத் தேவைகளை முற்றாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்ற இயலாதவரையே கணக்கிற் கொண்டது. பொய்க்காலோடு வேளாண்மை செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒருவர் இவ்வரைவிலக்கணத்துள் அடங்குவாரா? உழைத்ததே அவர் குற்றம் போலும்! 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயம் தடைகளையும் சேர்த்தே பேசுகிறது. கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இலேயே வர்த்தமானியில் வந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமைய வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றமும் பணித்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த 'மாற்றுத்திறனாளி' மரியாதையான சொல். அதன்மேல் நமக்குப் பகையில்லை. ஆனால் அது ஆளைப் புகழ்கிறதேயன்றிப் படிக்கட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அங்கவீனமோ, நேர்ப்பொருளில், செவிப்புலன் இழந்தவரையும் மனநோயால் வருந்துவோரையும் வெளியே நிறுத்துகிறது. குறைபாடு, இயலாமை, தடை என மூன்றாகவே நாம் வழங்குவோம். பிரதேச செயலகப் படிவங்களில் 'உமக்கு என்ன குறை?' என்பதோடு 'உமக்கு எது தடை?' என்றும் ஒரு வரி கேட்கப்படட்டும். அந்த வரிக்கு வரும் விடைகளை வைத்தியரிடம் அல்ல, பொறியியலாளரிடம் அனுப்புக.