வசிப்புரிமை விண்ணப்பத்துக்கு முகவர் எதற்கு?

கனடா தரும் நிரந்தர வசிப்புரிமையை நம் ஊர் விளம்பரங்கள் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்றே எழுதுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. வசிப்புரிமை பெற்றவர் இந்தியக் கடவுச்சீட்டுடனேயே இருக்கிறார். அங்கே வாக்களிக்க முடியாது. ஐந்தாண்டுகளில் குறைந்தது 730 நாள்கள் அந்நாட்டில் வசிக்காவிட்டால் அந்த உரிமையை இழக்கவும் நேரிடும். இதைக்கூடச் சொல்லாத முகவர்களிடம் ஆவடி, அம்பத்தூர் இளைஞர்கள் சேமிப்பைக் கொடுப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: இந்த முகவர் எந்த வேலையைச் செய்கிறார்?

ஆங்கிலத் தேர்வை விண்ணப்பதாரரே நேரில் எழுதுகிறார். கைரேகை பதிய, மருத்துவப் பரிசோதனைக்கு, காவல் துறை நற்சான்றுக்காகக் கடவுச்சீட்டு சேவை மையத்துக்கு என எல்லாவற்றுக்கும் அவரேதான் நேரில் போகிறார். பட்டத்தை மதிப்பிடப் பல்கலைக்கழகத்துக்கு அலைபவரும் அவரே. எஞ்சியிருப்பது இணையத்தில் விவரங்களை நிரப்புவது. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில் அதற்குக் கட்டணமே இல்லை. கடினமானதை எல்லாம் தானே செய்துவிட்டு, எளிதானதற்குப் பிறருக்குப் பணம் தருகிறோம்.

உண்மையான சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. தொழிற்பேட்டையின் சிறு பட்டறையில் ஏழாண்டுகள் லேத் ஓட்டியவருக்குக் கிடைப்பது, ‘இவர் எங்களிடம் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரிச் சான்றிதழ். கனடா கேட்பதோ பணிகளின் விவரம், வார வேலை நேரம், ஊதியம் எல்லாம் அடங்கிய கடிதம். சம்பளத்தில் பாதியை ரொக்கமாகத் தரும் முதலாளி அப்படி எழுதித் தர எளிதில் இசைவதில்லை. அடுத்தது, நம் தலையெழுத்து. உண்மையிலேயே பெயருக்கு முன் நிற்கும் எழுத்து. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர், வங்கிக் கணக்கில் இரண்டும் இடம் மாறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதியே பலருக்கு மாதங்கள் போகின்றன.

மாதங்கள் போனால் மதிப்பெண்ணும் போகும். மணமாகாத விண்ணப்பதாரருக்கு 29 வயது வரை வயதுக்கான மதிப்பெண் 110, முப்பத்தைந்தில் 77, நாற்பதில் 50, நாற்பத்தைந்தில் சுழியம். கூடவே கதவும் ஒடுங்கிவருகிறது. 2025-க்கு 5 லட்சம் என்றிருந்த வசிப்புரிமை இலக்கைக் கனடா 3.95 லட்சமாகக் குறைத்தது. வேலை உறுதிக் கடிதத்துக்கு அளித்துவந்த 50 முதல் 200 வரையிலான மதிப்பெண்ணையும், அக்கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதால் 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. அந்தக் கடிதத்தைக் காட்டியே இங்கு எத்தனை பேரம் நடந்தது என்பது அம்பத்தூரில் விசாரித்தாலே தெரியும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்காக விண்ணப்பிப்பவர் கனடா வழக்கறிஞராகவோ அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். உரிமமில்லாதவர் என்ன செய்கிறார்? விண்ணப்பதாரர் பெயரிலேயே கணக்கைத் தொடங்கி, அவரே நிரப்பியதுபோல் அனுப்பிவிடுகிறார். அனுபவச் சான்று போலி என்று பின்னர் தெரிந்தால் ஐந்தாண்டுத் தடை விண்ணப்பதாரருக்குத்தான். முகவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இராது.

நம் சட்டமும் இங்கே துணைக்கு வருவதில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. வேலை எதையும் உறுதியளிக்காமல் வசிப்புரிமையை மட்டும் விற்பவர் அந்த வரையறைக்கு வெளியே நழுவிவிடுகிறார். வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளிக்குப் பெயரளவிலேனும் ஒரு பாதுகாவலர் அலுவலகம் உண்டு. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்று அரசு எண்ணிவிட்டது போலும். பஞ்சாப் தன் பயண முகவர்களுக்கென்று 2012-லேயே தனிச்சட்டம் இயற்றியது. இங்கும் அப்படியொன்று தேவை.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1978-லேயே தமிழ்நாடு அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. அதன் அலுவலர் ஒருவர் வாரம் ஒரு நாள் ஆவடியில் அமர்ந்து, வருபவரின் வயதையும் படிப்பையும் கேட்டு, கிடைக்கக்கூடிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னால் போதும். பத்து நிமிட வேலை. வாய்ப்பில்லை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒருவர் அங்கே தெரிந்துகொள்ளலாம்.