மின்கம்பி யாருக்குச் சொந்தம்?

புதிய மின்பாதைகளை அரசு போட வேண்டுமா, தனியார் போட வேண்டுமா? பேச்சு எப்போதும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. நாம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டவர் நடப்படும் காட்டில் கூலி வேலை பார்ப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மின்பாதையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முப்பந்தலில் காற்றாலை சுற்றினால் போதாது, அந்த மின்சாரம் நம் வீட்டு விளக்குக்கு வந்து சேரக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

மாநிலங்களுக்கு இடையிலான புதிய பாதைகள் 2011 முதல் பெரும்பாலும் ஏலத்தில் விடப்படுகின்றன. குறைந்த கட்டணம் கேட்கும் நிறுவனம் பாதையைக் கட்டி, 35 ஆண்டுகள் கட்டணம் வசூலிக்கும். அரசு நிறுவனமான பவர்கிரிட்டும் ஏலத்தில் நிற்கிறது, அதானி போன்ற தனியாரும் நிற்கிறார்கள். போட்டியால் கட்டணம் குறைகிறது என்கிறார்கள். சில பாதைகளில் குறைந்திருக்கவும் கூடும். ஆனால் போட்டி ஏலத்தன்றே முடிந்துவிடுகிறது. ஒரு ஊருக்கு இரண்டு மின்பாதை போட்டு, பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பொதுப்பணத்தில் போட்ட பழைய பாதைகளும் தப்பவில்லை. 2021இல் அறிவித்த பணமாக்கல் திட்டத்தில் மின்பாதைகளுக்கு மட்டும் 45,200 கோடி ரூபாய் இலக்கு வைத்தார்கள்.

தனியாருக்குப் போனால் நமக்கு என்ன இழப்பு? பவர்கிரிட்டிலும் மின்வாரியத்திலும் இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனத்தில் இல்லை. அங்கே நம் பிள்ளைகள் டவரில் ஏறும் ஒப்பந்தக் கூலியாகப் போகலாம். பொறியாளராகவோ கணக்கராகவோ உள்ளே போக உரிமை கிடையாது.

அப்படியானால் அரசே போட்டால் நீதி வந்துவிடுமா? வராது, தோழர்களே. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் பாதையைப் போட்டது பவர்கிரிட்தான். 2018இல் கொங்கு மாவட்ட விவசாயிகள் விளைநிலத்தில் டவர் வேண்டாம், சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்று போராடினார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதை கேரளத்துக்குள் ஒரு பகுதி மண்ணுக்கடியில் போகிறது. இங்கே தலைக்கு மேலேயே போகிறது.

இதற்குத் துணை நிற்பது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு அந்தச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை போடுபவர்களுக்குக் கொடுக்கிறது. யாராவது தடுத்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடுவார். 2023இல் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தபோதும் மின்பாதைக்காக இந்தப் பகுதியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சட்டப்படி நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, ‘பயன்படுத்தப்படுகிறது’. ஒரே ஒரு சொல் வித்தியாசம்தான். அதில் அடிபடுவது நாம். நிலம் எடுத்தால் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வரும். மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைக்காரரையும் அது பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது. ‘பயன்படுத்தினால்’ அந்தச் சட்டம் வராது. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் இழப்பீடு என்கிறது. நிலம் உள்ளவருக்கு அது நியாயம்தான். தென்னையும் வாழையும் வெட்டப்பட்ட காட்டில் வேலை இழந்தவருக்குச் சல்லிக்காசு இல்லை.

பஞ்சமி நிலத்தில் டவர் வந்தால் நிலைமை இன்னும் மோசம். நமக்கென்று கொடுத்த நிலம் பிறர் பட்டாவில் இருந்தால், இழப்பீடும் அந்தப் பட்டாவுக்கே போகும்.

1943இல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், மின்சாரம் அரசுடையதா தனியாருடையதா என்ற கேள்வியை எழுப்பினார். மக்களுக்கு மலிவாகவும் தாராளமாகவும் கொடுக்கப்போவது யார் என்பதை வைத்தே அதைப் பார்த்தார். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், அடிப்படைத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று எழுதினார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

மின்பாதைகள் பொதுத்துறையிடமே இருக்கட்டும். ஏலத்தில் யார் எடுத்தாலும், ஒப்பந்த வேலை வரை இடஒதுக்கீடு வேண்டும். பாதை முடிவாகும் முன் கிராம சபை கூட வேண்டும், அதில் காலனி மக்களின் குரல் பதிவாக வேண்டும். டவருக்கு ஒருமுறைப் பணம் மட்டும் போதாது, ஆண்டு வாடகையும் வேண்டும். அதில் கூலித் தொழிலாளர்களுக்குப் பங்கு வேண்டும். இழப்பீடு கொடுக்கும் முன் பஞ்சமிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் அளவுக்கல் நட வந்தால் அன்றைக்கே வரைபடத்தைக் கேளுங்கள். சர்வே எண்களை எழுதிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகம் போங்கள். டவர் எழும்பிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

ஜெய்பீம்!