வாத்தியாருக்கும் பாடம் வேண்டும்!

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு "அ, ஆ" சொல்லிக் கொடுக்க வேண்டுமா? இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்த வேண்டுமா? பட்டத்துக்கு மேல் பி.எட். வேண்டும்.

ஆனால் நாளைக்குப் பாலம் கட்டப் போகிற பிள்ளைகளுக்கு, மின்சார நிலையத்தை நடத்தப் போகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல என்ன பயிற்சி வேண்டும்? நெடுங்காலமாக ஒரு பயிற்சியும் வேண்டியதில்லை! எம்.இ. பட்டம் இருந்தால் போதும்.

நேற்று வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளைஞர், இன்று கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். எதிரே 60 பேர். அவர் என்ன செய்வார்? தமக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ, அப்படியே சொல்லிக் கொடுப்பார். அவர் குறிப்பை வாசிப்பார். பிள்ளைகள் எழுதிக் கொள்வார்கள். அவருடைய ஆசிரியரும் அதைத்தான் செய்தார். ஒரே நோட்டுப் புத்தகம் தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வருகிறது!

குற்றம் அந்த இளைஞர் மேல் இல்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. 1960-களிலேயே சென்னை, போபால், கல்கத்தா, சண்டிகார் ஆகிய நான்கு இடங்களில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தியது. முக்கியமாக, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்காக ஏற்பட்டவை அவை. சென்னை நிலையம் தரமணியில் இன்றும் நடந்து வருகிறது. ஆனால் பின்னால் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் நாலு நிலையங்கள் எப்படிப் போதும்?

2019-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதிகளில் ஒரு மாறுதல் வந்தது. புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் பயிற்சி பெற வேண்டும் என்றார்கள். பாடத்தைத் திட்டமிடுவது, வகுப்பு நடத்துவது, மாணவனின் அறிவை எடை போடுவது என்று எட்டுப் பகுதிகள் வகுத்தார்கள். கம்ப்யூட்டர் வழியாகவே படிக்கலாம். நல்ல ஏற்பாடு.

ஒரு ஸ்கேல் செய்கிற வேலை

பயிற்சியினால் அப்படி என்ன வந்துவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓர் உதாரணம் சொல்லுகிறோம்.

வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்தரத்தை ஏன் படுக்கையாக வைக்காமல், உயரவாட்டில் வைக்கிறார்கள்? பழைய முறை ஆசிரியர் பலகை நிறையச் சூத்திரம் எழுதுவார். மாணவன் அதை மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்குவான். "ஏன்?" என்று கேட்டால் விழிப்பான்.

பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? "ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள்" என்பார். "பட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளையுமா? நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் வளையுமா? முதலில் உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். அப்புறம் அழுத்திப் பாருங்கள்" என்பார். பட்டையாகப் பிடித்தால் சுலபமாக வளைகிறது. நிமிர்த்தினால் அசைய மறுக்கிறது. அதன் பிறகு சூத்திரம் வரும். உத்தரத்தின் உயரம் இரண்டு மடங்கானால், அது வளையாமல் நிற்கும் பலம் எட்டு மடங்காகும் என்று அந்தச் சூத்திரம் சொல்லும்போது, மாணவன் கையே அதற்குச் சாட்சி!

இது வெறும் வேடிக்கை அல்ல. விஞ்ஞானம், என்ஜினீயரிங், கணக்கு வகுப்புகள் பற்றிய 225 ஆராய்ச்சிகளை அமெரிக்காவில் ஒன்று சேர்த்துப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர் மட்டும் பேசுகிற வகுப்பில் 100-க்கு 34 பேர் தோற்றார்கள். மாணவர்களையும் வேலை செய்ய வைத்த வகுப்பில் 22 பேர்தான் தோற்றார்கள். 100 குடும்பங்களில் 12 குடும்பங்களின் கவலை தீருகிறது என்றால் சாதாரண விஷயமா?

திரும்பி வந்த பிறகு?

இங்கேதான் சிக்கல். பயிற்சி முடித்த இளைஞர் உற்சாகத்தோடு கல்லூரிக்குத் திரும்புகிறார். ஸ்கேலை எடுக்கிறார். துறைத் தலைவர் கூப்பிடுகிறார். "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். மூன்றாவது பாடம் முடிந்ததா?" என்கிறார். தலைவரையும் குறை சொல்ல முடியாது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. தேர்ச்சி குறைந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

2014-ல் இந்தியா "வாஷிங்டன் உடன்படிக்கை"யில் முழு உறுப்பினராயிற்று. "மாணவனுக்கு எத்தனை பாடம் நடத்தினாய் என்பதல்ல, அவனால் என்ன செய்ய முடிகிறது என்பதே கேள்வி" என்பதுதான் அங்கே அளவுகோல். அருமையான கொள்கை! பல கல்லூரிகளில் இது என்னவாயிற்று? ஃபைல் ஆயிற்று. இளம் ஆசிரியர்கள் இரவில் கண் விழித்துக் கட்டம் கட்டமாக எண்களை நிரப்புகிறார்கள். வகுப்பறை பழையபடியே இருக்கிறது.

புதியவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் மட்டும் போதாது. கற்றதைச் செய்து பார்க்க அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் வகுப்புகளைக் குறைக்கலாம். நன்றாக நடத்தும் மூத்தவர் வகுப்பில் அவர் உட்கார்ந்து கவனிக்கட்டும். ஒரு பாடத்தை, அல்லது ஒரே ஒரு சோதனைச்சாலை வகுப்பை, "உன் விருப்பப்படி மாற்றி நடத்து, பொறுப்பு எங்களுடையது" என்று அவரிடம் விடலாம். பிரின்சிபாலும் துறைத் தலைவரும் கூட அதே பயிற்சியில் ஒரு வாரம் உட்காரட்டும். வயதானால் படிக்கக் கூடாதா என்ன? கேள்வித்தாளை மாற்றுகிற பொறுப்போ பல்கலைக்கழகத்தினுடையது. அது மாறாதவரை மற்றதெல்லாம் பாதி வேலைதான்.

கவுன்சிலிங் காலத்தில் பெற்றோர்கள் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பார்க்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்கிறார்கள். பஸ் வசதியையும், வேலை வாய்ப்பையும் விசாரிக்கிறார்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். "இங்கே புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? போன வருடம் அவர் எந்த வகுப்பை மாற்றி நடத்தினார்?"