சட்டகம் இரவல், வாக்கியமுமா இரவல்?

சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் நண்பர்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கைபேசிப் படங்களில் வந்து நின்றது. ஒரகடத்துக்கு ஆலை வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் படங்களை ரோஜாப்பூச் சட்டகங்களுக்குள்ளும் இதய வடிவங்களுக்குள்ளும் அடைத்து, மின்னும் எழுத்தில் ஓர் ஆங்கில வாசகத்தையும் சேர்த்து வாட்ஸப்பில் வைப்பதைப் பற்றி மூத்த கவிஞர் ஒருவர் சொன்னார்: “ரசனை செத்த இடத்தில்தான் இப்படிப் பூ முளைக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அவருக்குப் பதில். கூடச் சிரித்த எனக்கும்தான்.

முதலில் ஓர் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டிய ஒரு கல்லூரியில் நான் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் அமர்ந்த பெண்களில் பலர் கடைசித் தேர்வு முடிந்த மறுமாதமே ஏதாவதோர் ஆலையின் சீருடைக்குள் போய்விடுகிறார்கள். அப்படிப் போன ஒருத்தி, சான்றிதழ் வாங்க வந்தபோது, கைபேசியில் தான் செய்து வைத்திருந்த ஆல்பத்தைக் காட்டினாள். “ஸ்க்ராப் புக் சார்” என்றாள். நாற்பது பக்கங்கள். பிறந்தநாள், மாமல்லபுரம், விடுதி அறைத் தோழிகள், அண்ணன் திருமணம். ஒவ்வொரு பக்கத்திலும் அதே ரோஜா, அதே இதயம், வாழ்க்கை அழகானது என்று ஆங்கிலத்தில் சொல்லும் அதே வாசகம். முப்பத்தொன்பது பக்கங்களை நான் ஆசிரியருக்கே உரிய பொறுமையோடு தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரு பக்கம் மட்டும் வேறாக இருந்தது. பூ இல்லை, சட்டகம் இல்லை. ஒரே பேருந்து நிறுத்தத்தின் பன்னிரண்டு படங்கள். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்காக அவள் நிற்கும் இடம். மாதத்துக்கு ஒன்றாக ஓராண்டு எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு வரி. கார்த்திகைப் படத்தின் கீழே இப்படி: “மழை. பஸ் இருபது நிமிஷம் லேட். பேர் தெரியாத அக்கா பாதி குடை குடுத்தாங்க.”

நான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. “அது சும்மா சார். அதுக்கு டெம்ப்ளேட் கிடைக்கலை” என்றாள்.

இந்த ஒரு பதிலில் என் விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. டெம்ப்ளேட் கிடைக்காத இடத்தில்தான் அவள் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அதை அவள் ஒரு குறையாக நினைக்கிறாள். அப்படி நினைக்கும்படி அவளைப் பழக்கியவர்கள் யார்?

ஏன் பேருந்து நிறுத்தம் என்று கேட்டேன். “அதுக்கப்புறம் போனை லாக்கர்ல வச்சிடணும்” என்றாள். இந்தப் பகுதியின் பல ஆலைகளில் தொழிலாளர்கள் கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. உலகம் முழுக்கப் படம் எடுக்கப் பயன்படும் கருவிகளைக் கோக்கும் விரல்களுக்குத் தம் வேலையைப் படம் எடுக்க வழியில்லை. அவள் நாளின் எட்டு மணி நேரத்துக்கு ஒரு படமும் கிடையாது. அந்த எட்டு மணி நேரத்தின் வாசற்படிதான் அந்த நிறுத்தம். அதைத் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதைத் தனிப்பாணி என்று அழைக்காமல் வேறென்ன பெயரிட்டு அழைப்பீர்கள்?

*

இரண்டு தரப்பினரோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் தரப்பு வியாபாரிகள். “உங்கள் தனிப்பாணியைக் கண்டடையுங்கள்” என்று கூவுகிறார்கள். உள்ளே போனால் விற்பதெல்லாம் சட்டகங்கள், வண்ணக் கலவைகள், எழுத்துருக்கள். ஒரே கடையில் ஒரு கோடிப் பேர் வாங்கும் சட்டை எப்படி ஒருவரின் தனிப்பாணி ஆகும் என்ற சிறு கேள்விகூட அங்கே எழுவதில்லை. 2015-இல் வந்த கூகுள் போட்டோஸ், நாம் கேட்காமலேயே நம் படங்களைச் சேர்த்து கொலாஜ் செய்து நீட்டியது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் படத்தையும் தாமே பொறுக்கி, இசையையும் சேர்த்து, நாம் என்ன உணர்ந்தோம் என்பதற்கான வாசகத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நமக்கு மிச்சம் இருப்பது பகிர்வதற்கான பொத்தான் ஒன்றுதான்.

இரண்டாம் தரப்பு நாம், இலக்கியவாதிகள். இந்தப் பெண்களின் தாய்மார்கள் ஒரு காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போய், வரைந்த பூங்காத் திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடியில் கைவைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய ரசனைக் காவலர்கள் அதையும் பார்த்துச் சிரித்திருப்பார்கள். இன்று அதே படங்கள் கண்காட்சிச் சுவர்களில் தொங்கினால் பண்பாட்டு ஆவணம் என்று தலையசைக்கிறோம். நமக்குப் பிடிக்காதது ரோஜாப்பூ அல்ல என்று சந்தேகிக்கிறேன். அதை வைத்திருப்பவர் இன்னும் உயிரோடு, நம் பக்கத்து இருக்கையில், ஷிப்டு முடிந்த களைப்பில் தூங்கிக்கொண்டு வருவதுதான் நமக்குச் சங்கடம்.

அதற்காக அந்த முப்பத்தொன்பது பக்கங்களையும் கலை என்று கொண்டாட நான் தயாரில்லை. அப்படிக் கொண்டாடுவது இன்னொரு வகை அலட்சியம். “பாவம், அவர்களால் முடிந்தது இவ்வளவுதான்” என்பதன் மரியாதையான வடிவம் அது. அந்தப் பக்கங்கள் அவளுடையவை அல்ல. நாற்பதாவது பக்கம் அவளுடையது. ரசனையில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்பது பிறகு. இதைச் செய்தது யார் என்பதே முதல் கேள்வி.

*

தொகுப்பது எப்போது படைப்பாகிறது என்பதற்குத் தமிழ் படித்தவர்கள் வெளியே விடை தேடவேண்டியதில்லை. நம் மரபின் தொடக்கமே தொகை நூல்கள்தாம். அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுத்தவர் உருத்திரசன்மர் என்கிறது மரபு. நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண்ணில் வருவன எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். ஒரு பாடல்கூட அவர் எழுதியதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இந்த வரிசை அவருடையது. ஒவ்வொரு கூடலுக்கும் காத்திருத்தலுக்கும் ஊடலுக்கும் முன்னும் பின்னும் ஒரு பிரிவை நிறுத்திய கை அவருடையது. பாதி நூலைப் பிரிவுக்குக் கொடுத்தவரைப் பாணியற்ற வெறும் தொகுப்பாளர் என்று சொல்ல முடியுமா?

புறநானூற்றுக்கு வாருங்கள். பாடலின் அடியில் இன்னாரை இன்னார் இன்ன வேளையில் பாடியது என்று ஒரு குறிப்பு வருகிறதே, அது இல்லாவிட்டால் அந்தக் கவிதைகளில் பலவற்றின் சூழலை நாம் இழந்திருப்போம். குறுந்தொகையில் பெயர் தொலைந்த புலவர் ஒருவரைச் செம்புலப்பெயனீரார் என்று அவருடைய உவமையைக் கொண்டே அழைக்கிறோம். பாட்டு மிஞ்சியது, ஆள் தொலைந்துபோனார். குறிப்பு இல்லாத படத்துக்கும் இதே கதிதான். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த விடுதி அறைப் படத்தைப் பார்க்கும் பேத்திக்கு, ஓரத்தில் நின்று சிரிக்கும் பெண் யார் என்று எந்த ரோஜாச் சட்டகம் சொல்லும்?

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் வீடுகளில் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் மணியம் ஓவியங்களோடு வந்த பொன்னியின் செல்வன் எத்தனை வீடுகளில் அப்படித் தைக்கப்பட்டது! அச்சிட்டவர் ஒருவரே, இதழும் ஒன்றே. ஆனாலும் ஒரு வீட்டுப் பிரதி போல இன்னொரு வீட்டுப் பிரதி இருக்காது. ஒருவர் விளம்பரத்தைக் கத்தரித்திருப்பார். இன்னொருவர் பின்பக்கத்துத் துணுக்குக்காகவே ஒரு தாளைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார். விட்டுப்போன வாரத்துக்கு வெள்ளைத்தாளில் கதையைக் கையால் எழுதி ஒட்டிய ஒரு பிரதியை நானே பார்த்திருக்கிறேன். தேர்வு, வரிசை, குறிப்பு. ஒட்டும் கலைக்கு இந்த மூன்றும்தான் உயிர். கணினிக்கு வந்தாலும் கைபேசிக்கு வந்தாலும் இதில் மாற்றமில்லை.

*

உடனே ஒரு நண்பர் கேட்பார்: வெண்பாவும் ஒரு டெம்ப்ளேட்தானே? சீர், தளை, ஈற்றுச்சீர் எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டவைதாமே? அதில் எழுதியவர்களுக்குப் பாணி இல்லையா?

நல்ல கேள்வி. டெம்ப்ளேட்டை நான் எதிர்க்கவில்லை என்பதற்கு வெண்பாவே சாட்சி. ஆனால் வெண்பா இடத்தைக் காலியாகக் கொடுக்கிறது. நிரப்பும் பொறுப்பு உன்னுடையது என்கிறது. இன்றைய டெம்ப்ளேட்டோ நிரப்பியே கொடுக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-இல் ஓர் ஒட்டுப்புத்தகத்துக்குக் காப்புரிமை பெற்றார். பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவியிருக்கும், ஈரப்படுத்தி ஒட்டினால் போதும். அத்தனை வாக்கியம் எழுதிய மனிதர் அந்தப் புத்தகத்தில் பசையைத்தான் விற்றார், வாக்கியத்தை விற்கவில்லை. இரண்டு ஷிப்டுக்கு நடுவில் அரை மணி நேரம் கிடைக்கும் பெண் சட்டகத்தை இரவல் வாங்கட்டும், நிறத்தை இரவல் வாங்கட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. வாக்கியத்தை மட்டும் இரவல் வாங்காதிருக்கட்டும்.

*

இதில் என்ன அப்படி அவசரம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

ஸ்க்ராப் புக் என்ற சொல்லே நம் இளைஞர்களில் பலருக்கு ஆர்குட் வழியாக வந்தது. ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதிச் செல்லும் இடத்துக்கு அதில் அதுதான் பெயர். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முதல் சம்பளம் வாங்கிய இடம் அது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வேலை செய்த இடமும், அந்த வயதின் குறிப்புகளை எழுதிவைத்த இடமும் ஏறத்தாழ ஒரே மாதத்தில் போயின. ஆர்குட் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ள அவகாசம் தரப்பட்டது உண்மை. வேலை போன மாதத்தில் அதைச் செய்ய யாருக்கு மனம் இருந்திருக்கும்?

2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதை அடுத்து ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இவை செய்தியாயின, இனி வரலாறாகவும் ஆகும். ஆனால் 18,720 என்பது ஓர் எண். அதற்குள் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை, பாதி குடை கொடுத்த ஓர் அக்காவை, எந்த நாளிதழும் எழுதாது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். குப்பை என்று சிரித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அவர் 1992-இல் மறைந்தார். அந்தச் சேகரத்திலிருந்துதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலான ஆய்வு நூலகம் எழுந்தது. இன்று ஆய்வாளர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

கடைசியாக என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளாக “புதுமைப்பித்தனின் நடைச் சிறப்பை விளக்குக” என்று வினாத்தாள் எடுத்திருக்கிறேன். “உன் நடை என்ன?” என்று ஒரு மாணவியிடமும் கேட்டதில்லை. நடை என்பது இறந்துபோன மேதைகளின் சொத்து என்று நான்தான் அவளுக்குக் கற்பித்தேன். அதனால்தான் தன் நாற்பதாவது பக்கத்துக்காக அவள் கூச்சப்பட்டாள். ரசனை செத்தது அவள் கைபேசியில் அல்ல, கவிஞரே. அது என் வகுப்பறையில் நடந்தது.

இந்தப் பருவத்திலிருந்து என் மாணவர்களுக்கு ஓர் ஒப்படைப்பு கொடுத்திருக்கிறேன். ஓராண்டில் எடுத்த படங்களிலிருந்து பன்னிரண்டை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஏன் இந்த வரிசை என்று உங்களுக்கு நீங்களே விடை சொல்லுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், உடனிருந்தவர் பெயர், உங்கள் ஊர்த் தமிழில் ஒரு வாக்கியம். பேருந்து அட்டை, கேண்டீன் டோக்கன், முதல் சம்பளச் சீட்டு எதுவானாலும் படத்தோடு சேரலாம். எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். அங்கேதான் உங்கள் பாணி இருக்கிறது. முடித்ததும் செயலிக்குள் விட்டுவைக்காமல் ஒரு பிரதியை அச்செடுத்து வீட்டுப் பெட்டியில் வையுங்கள். ரோஜாப்பூ வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இரவல் வாக்கியத்துக்கு மட்டும் குறைப்பேன்.