மனைச்சுவரும் குதிரைச் சித்திரமும்

பாய்ந்தெழும் குதிரையின் படத்திற்குச் சட்டமிட்டுக் கூடத்திலே தூக்குவோர், அதனை வேகத்திற்கும் வெற்றிக்கும் அறிகுறியாகவே கொள்கின்றனர். அவர்தம் கண்ணுக்குப் பெரிதும் இயைவது, பிரெஞ்சு ஓவியராகிய ஜெரிக்கோ 1812-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் காட்சிக்கு வைத்த குதிரைவீரன் சித்திரம். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்று. எம்மினும் ஈராண்டே மூத்தவர் என்று எண்ணுங்கால் எமக்குச் சிறிது நாணமும் உண்டாகின்றது! நெப்போலியனுடைய சேனை ருஷியாவிற் புகுந்த ஆண்டும் அதுவே. முன்கால்களை உயர்த்தி எழும் பரியின்மீது வீரன் வாளேந்தித் திரும்பி நோக்குகின்றான். புறமெங்கும் புகையும் செந்தழலும்.

இவ்வளவில் நிற்போர் பாதிக் கதையே படித்தவராவர். 1814-இல், அப்பேரரசன் முடியிழந்த பின்னர், அதே ஓவியர் மற்றொரு சித்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். அதன்கண் வீரன் குதிரைமேல் இல்லை. போர்க்களம் நீங்கிச் சரிவிலே நடந்திறங்குகின்றான், வாள் ஊன்றுகோலாயிற்று, மிரளும் குதிரையின் கடிவாளத்தைப் பற்றியவண்ணம் இருண்ட வானத்தை அண்ணாந்து பார்க்கின்றான். இவ்விரண்டும் இன்று லூவர் காட்சிசாலையில் உள்ளன. வைப்பின் இரண்டையும் வைக்க. இன்றேல் இரண்டையும் விடுக என்பதே எமது துணிபு.

"இல்லத்தில் அச்சமும் துயரும் எதற்கு?" என்பார் உளர். குதிரையின் அச்சத்தை உணர்ந்தமையாலன்றோ அக்காலத்து ஓவியர் அதனை உயிருடன் தீட்டினர்! ஜெரிக்கோவோ குதிரையினின்று வீழ்ந்த ஊறு நோயாய் முற்ற, 1824-இல், தமது 32-ஆம் வயதிலேயே மாண்டார். அவர் 1821-இல் எழுதிய எப்சம் பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. ஓடும் குதிரை அவ்வாறு கால் நீட்டுவதில்லை என்பதை 1878-இல் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்கள் காட்டின. அப்பிழைக்காக அப்படத்தை யாம் வெறுக்கமாட்டோம்.

எனினும், பதினோரடிக்கு மேற்பட்ட உயரமுடைய போர்ச்சித்திரத்தை இரண்டடிச் சட்டத்துள் ஒடுக்குதல் எமக்கு உவப்பன்று. சட்டத்திற்கு இணங்குமாறு வீரனை நீக்கிக் குதிரைத் தலையை மட்டும் வெட்டி ஒட்டுவதோ பொறுக்கத்தக்கதன்று. டெலாக்ருவா என்பார், மின்னலுக்கு அஞ்சித் துள்ளும் வெண்குதிரை ஒன்றை 1820-களில் நீர்வண்ணத்தால் தீட்டினார். அது புடாபெஸ்ட் நுண்கலைக் காட்சிசாலையில் உள்ளது. ஒரு முழத்திற்கு உட்பட்ட சிறு தாளே அது. சுருக்கவும் வேண்டா, வெட்டவும் வேண்டா. கூடத்தை விடுத்து, எம் படிப்பறைச் சுவருக்கு யாம் வேண்டுவது அதன் பிரதி ஒன்றே.