விண் கூவிய பட்டம்



2023 பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா பார்க்க, எங்கள் சங்கத்துப் பெண்கள் 11 பேர் கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்துப் புறப்பட்டோம். ஆனையிறவில் பெல்ற் அறுந்து ரேடியேற்றர் கொதித்தது. சுற்றிவரத் தண்ணீர்தான். ஆனால் உப்புத் தண்ணீர் இயந்திரத்தை அரித்துவிடுமாம். குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணீரைச் சேர்த்து வைத்தோம். சூடு ஆறும்வரை மூடியைத் தொட சாரதித் தம்பி விடவில்லை. பண்டிகை நாளில் கடை ஏது? பளையிலிருந்து ஒருவர் பெல்ற் கொண்டுவர இரண்டு மணித்தியாலம் போயிற்று.

உதயசூரியன் கடற்கரைக்குப் போனபோது போட்டி முடிந்துவிட்டது. வாடைக்காற்றில் சில பட்டங்களே நின்றன. மேலேயிருந்து ஓர் இரைச்சல். எங்களோடு வந்த அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக் குனிந்துவிட்டார்.

"கிபிரோ பிள்ளை?"

எனக்கும் நெஞ்சு திக்கென்றதுதான், வெளியே காட்டவில்லை.

"இல்லையம்மா, விண் கூவுது" என்றான் பட்டக்காரப் பெடியன். வில்லில் கட்டிய நார் காற்றில் அதிரும் சத்தமாம். கயிற்றை அக்காவின் கையில் கொடுத்தான்.

"2021 இல பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெடியனைத் தூக்கின மாதிரி என்னையும் தூக்குமோ?" என்று கேட்டார். ஆனால் கயிற்றை விடவில்லை. இருட்டும்வரை அண்ணாந்தபடியே நின்றார்.